நெப்போலியன்: சமத்துவத்தைக் கொடுத்து சுதந்திரத்தை வாங்கிக்கொண்டவர்

கேள்வி இதுதான்: கோர்சிகா தீவில், பெரிய செல்வாக்கு எதுவும் இல்லாத குடும்பத்தில் பிறந்த ஒரு பையன் 35 வயதில் எப்படி பிரான்சின் பேரரசராக முடிசூடினார், ஆட்சியில் என்ன செய்தார், இத்தனை காலம் கழித்து அவர் விட்டுப்போனதில் எது மிச்சம்?

இதற்குப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் போர்களை வரிசையாகச் சொல்லி, அவர் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவில் கொண்டுபோய் முடிப்பார்கள். போர்கள் முக்கியம்தான். ஆனால் அவர் போரில் பிடித்த நிலம் ஒரு சாண்கூட பிரான்சிடம் மிஞ்சவில்லை. 1815-ல் பிரான்ஸ் அவர் ஆட்சிக்கு வந்தபோது இருந்ததைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. அதனால் நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். 1789 புரட்சி பிரெஞ்சு மக்களுக்கு இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தது. ஒன்று, பிறப்பைப் பார்க்காமல் சட்டத்தின் முன் எல்லோரும் சமம். இன்னொன்று, உங்களை யார் ஆள வேண்டும், எப்படி ஆள வேண்டும் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யலாம். நெப்போலியன் முதலாவதைப் பெருமளவு காப்பாற்றினார், இரண்டாவதைப் பிடுங்கிக்கொண்டார். நாடும் அதற்குச் சம்மதித்தது. அவர் வளர்ந்தது, ஆண்டது, விழுந்தது எல்லாமே இந்தப் பேரத்துக்குள் அடங்கும் என்பது என் கருத்து.

முதலில் அவர் மேலே வந்த கதை. 1769 ஆகஸ்ட் 15 அன்று அஜாக்சியோவில் பிறந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் ஜெனோவா அந்தத் தீவை பிரான்சுக்குக் கைமாற்றியிருந்தது. வீட்டில் பேசியது இத்தாலியச் சாயல் கொண்ட கோர்சிகா மொழி, பெயரும் நபோலியோனே தி புவோனபார்த்தே. அப்பா கார்லோ வக்கீல், சின்ன அளவில் பிரபு குலத்தவர். அந்தக் குலச் சான்றிதழைக் காட்டித்தான் மகனுக்கு அரசு உதவித்தொகையில் பிரியென் ராணுவப் பள்ளியில் இடம் வாங்கினார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. 16 வயதில் பீரங்கிப்படையில் துணை லெப்டினன்ட். பழைய மன்னராட்சி அப்படியே நீடித்திருந்தால் அநேகமாக ஏதாவது ஒரு மாகாணக் கோட்டையில் கேப்டனாக ஓய்வு பெற்றிருப்பார், ஏனென்றால் மேல்பதவிகள் எல்லாம் பெரிய குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. புரட்சி வந்ததும் அந்தக் குடும்பத்து அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு ஓடினார்கள். நாற்காலிகள் காலி. அண்டை நாடுகளோடு போர் வேறு. அதனால் வேலை தெரிந்தவனுக்கு அவசரத் தேவை.

அந்தச் சந்தர்ப்பம் 1793-ல் துலோன் துறைமுகத்தில் வந்தது. அங்கே மன்னர் ஆதரவாளர்கள் ஊரை ஆங்கிலேய, ஸ்பானியக் கப்பற்படைகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். புரட்சிப் படை ஊரை முற்றுகையிட்டுத் திணறிக்கொண்டிருந்தது. நெப்போலியன் வரைபடத்தைப் பார்த்து, ஊரைத் தாக்க வேண்டாம், துறைமுகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்து அங்கே பீரங்கிகளை வைத்தால் கப்பல்கள் தாமாகப் போய்விடும், கப்பல்கள் போனால் ஊர் தானாக விழும் என்றார். அப்படியேதான் நடந்தது. தொடையில் ஈட்டிமுனைக் காயம், 24 வயதில் பிரிகேடியர் ஜெனரல் பதவி. இரண்டு வருஷம் கழித்து, 1795 அக்டோபர் 5 அன்று, பாரிசில் மன்னர் ஆதரவுக் கூட்டம் நாடாளுமன்றத்தை நோக்கி வந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு வெளியேயிருந்து 40 பீரங்கிகளை வரவழைத்து அவற்றால் கூட்டத்தைச் சுட்டுக் கலைத்தார். அரசு தப்பியது. அதற்குப் பரிசாக இத்தாலிப் படையின் தலைமை கிடைத்தது.

இத்தாலியில் அவர் ஜெயித்ததைவிட, ஜெயித்ததை எப்படிச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். சம்பளமும் செருப்பும் இல்லாத ஒரு படையை வைத்துக்கொண்டு 1796, 97-ல் ஆஸ்திரியாவைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தார், கொள்ளையடித்த பணத்தையும் ஓவியங்களையும் பாரிசுக்கு அனுப்பினார், சரி. அதோடு தன் படைக்கென்று சொந்தமாகப் பத்திரிகையும் தொடங்கினார்! சண்டை அங்கே நடக்க, அதன் செய்தி அவர் விரும்பிய மாதிரி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. 28 வயதுக்குள் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆகிவிட்டார்.

அடுத்து 1798-ல் எகிப்து. ஆங்கிலேயரின் இந்திய வழியை அறுப்பது நோக்கம். கெய்ரோவைப் பிடித்தார், ஆனால் ஆகஸ்ட் 1 அன்று ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் அவருடைய கப்பற்படையை அபூகிர் விரிகுடாவில் அழித்துவிட்டார், படை அங்கேயே மாட்டிக்கொண்டது. 1799 ஜனவரியில் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பெரும் படையோடு செங்கடல் கரைக்கு வந்திருக்கிறேன், உங்களை ஆங்கிலேயரின் இரும்புப் பிடியிலிருந்து விடுவிக்க ஆசைப்படுகிறேன் என்று. கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு இறந்தார். பாலஸ்தீனத்து யாஃபாவில் சரணடைந்த கைதிகளை ஆயிரக்கணக்கில் கொன்றதும் இந்தப் படையெடுப்பில்தான். அதைத் தாண்டிப் போகவே கூடாது. கடைசியில் படையை விட்டுவிட்டுத் தான் மட்டும் கப்பல் ஏறி 1799 அக்டோபரில் பிரான்சில் இறங்கினார். தோற்றுவிட்டு வந்தவரை மக்கள் வெற்றிவீரராக வரவேற்றார்கள், தோல்வியின் முழு விவரம் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு மாசத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு. நவம்பர் 9, 10 ஆகிய இரண்டு நாளில் நடந்தது. இரண்டாம் நாள் செயின்ட் குளூ மாளிகையில், நாடாளுமன்றத்தின் கீழவையான ஐந்நூறுவர் அவைக்குள் அவர் நுழைந்ததும் உறுப்பினர்கள் சட்டையைப் பிடித்து உலுக்கி, இவன் சட்டவிரோதி என்று கத்தினார்கள். அவருக்குப் பேச்சு வரவில்லை, சிப்பாய்கள்தான் அவரை வெளியே இழுத்து வந்தார்கள். காரியத்தைக் காப்பாற்றியது தம்பி லூசியன். அன்று அவைத் தலைவர் அவர்தான். குதிரைமீது ஏறி, உள்ளே கத்தி வைத்திருக்கும் சில பேர் அவையை மிரட்டுகிறார்கள் என்று சிப்பாய்களிடம் சொன்னார். முரசு அடித்தபடி படை உள்ளே போனது, உறுப்பினர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அப்புறம், நெப்போலியனை நாட்டின் தலைமைப் பதவியில் அமர்த்திய புதிய அரசியல் சட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு: ஆதரவு 30 லட்சத்துக்கு மேல், எதிர்ப்பு 1,562 என்று அறிவித்தார்கள். அறிவித்தவர் அதற்குள் உள்துறை அமைச்சராகிவிட்ட அதே லூசியன். பின்னால் ஆவணங்களைத் துருவிய வரலாற்றாசிரியர்கள், ஆதரவு ஓட்டுகள் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் காட்டப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள்.

இவ்வளவையும் மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? பத்து வருஷத்துக்குள் காகிதப் பணம் செல்லாக்காசாகியிருந்தது, வழிப்பறி பெருகியிருந்தது, அரசுகள் மாறி மாறிக் கவிழ்ந்தன. அதைவிடப் பெரிய காரணம் நிலம். புரட்சியில் திருச்சபையின் சொத்தும் ஓடிப்போன பிரபுக்களின் சொத்தும் ஏலத்துக்கு வந்தன. வசதியான விவசாயிகளும் நகரத்து நடுத்தர வர்க்கமும் அவற்றை வாங்கியிருந்தார்கள். மன்னராட்சி திரும்பினால் நிலம் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. நெப்போலியன் 1801-ல் போப்போடு ஓர் உடன்படிக்கை செய்தார். கத்தோலிக்க வழிபாடு திரும்ப வரும், பாதிரியார்களுக்கு அரசு சம்பளம் தரும், பதிலுக்கு விற்ற சொத்துக்களைப் பற்றி திருச்சபை இனி வாய் திறக்காது. ஊரில் கோயில்மணியும் அடித்தது, வாங்கிய நிலமும் கையில் நின்றது. ஒரு சராசரி விவசாயிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பேச்சுச் சுதந்திரம் போனதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்சியின் முதல் நாலைந்து வருஷம்தான் அவர் வாழ்க்கையிலேயே மிகவும் ஆக்கபூர்வமான காலம். 1800-ல் பிரான்ஸ் வங்கி, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மேலிடத்திலிருந்து நியமிக்கப்படும் பிரிஃபெக்ட் (நம்மூர் கலெக்டர் போல), 1802-ல் லிசே பள்ளிகள், 1803-ல் முதல் உலகப்போர் வரை மதிப்புக் குறையாமல் நின்ற வெள்ளி பிராங்க். எல்லாவற்றுக்கும் மேலே சிவில் சட்டத் தொகுப்பு. அதுவரை பிரான்சின் தெற்கில் ரோமானியச் சட்டம், வடக்கில் ஊருக்கு ஊர் வேறு வழக்கம். நாலு சட்ட வல்லுநர்கள் வரைவு எழுதினார்கள், அரசு ஆலோசனை மன்றம் அதை வரிவரியாக விவாதித்தது, அந்தக் கூட்டங்களில் பாதிக்கு மேல் நெப்போலியனே தலைமை வகித்தார். மொத்தம் 2,281 பிரிவுகள், சாதாரண ஆள் படித்தால் புரிகிற நடையில். பிறப்பால் சலுகை கிடையாது, மூத்த மகனுக்கு மட்டும் சொத்து என்பது கிடையாது, கல்யாணம் பதிவு செய்ய பாதிரியார் தேவையில்லை.

அந்தச் சட்டத் தொகுப்பு வெளியான தேதி 1804 மார்ச் 21. அதே தேதியில் விடிவதற்குமுன் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். பழைய அரச குடும்பத்து இளைஞர் ஆங்கியன் பிரபு, பிரான்சுக்கு வெளியே பாடன் நாட்டில் அமைதியாக வசித்துக்கொண்டிருந்தார். நெப்போலியனைக் கொல்லச் சதி செய்தார் என்ற சந்தேகம், அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. பிரெஞ்சுக் குதிரைப்படை எல்லை தாண்டிப் போய் அவரைத் தூக்கி வந்தது. 20-ஆம் தேதி சாயங்காலம் வேன்சேன் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள், நள்ளிரவில் ராணுவ விசாரணை, வக்கீல் கிடையாது, விடியுமுன் கோட்டை அகழியில் நிற்கவைத்துச் சுட்டார்கள். விசாரணைக்கு முன்பே குழி தோண்டியாகிவிட்டது. ஐரோப்பாவுக்கே முன்மாதிரியான சட்டப் புத்தகமும், சட்டமே இல்லாத ஒரு கொலையும் ஒரே நாளில், ஒரே மனிதரிடமிருந்து. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசுகிறவர்களை என்னால் நம்ப முடியவில்லை.

பத்திரிகை விஷயத்திலும் இதே கதைதான். 1800-ல் ஒரே ஆணையில் பாரிசின் 73 அரசியல் பத்திரிகைகளில் 13-ஐ மட்டும் விட்டுவைத்தார், 1811-ல் மிஞ்சியவை நாலே நாலு. தேர்தல் என்று பெயருக்கு இருந்தது.

அந்தச் சமத்துவமும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. சிவில் சட்டம் 213-ஆம் பிரிவு, கணவன் மனைவியைப் பாதுகாக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. கணவன் அனுமதி இல்லாமல் மனைவி ஒப்பந்தம் போட முடியாது, சொத்தை விற்க முடியாது. கணவன் சம்மதமில்லாமல் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் பிரெஞ்சு மனைவிகளுக்கு உரிமை கிடைத்தது 1965-ல்! கூலித் தகராறு வந்தால் முதலாளி வாய்மொழியாகச் சொல்வதே சாட்சி என்று 1781-ஆம் பிரிவு சொன்னது.

இதையெல்லாம்விட மோசமானது அடிமைமுறை. 1794-ல் புரட்சி அரசு காலனிகளில் அடிமைமுறையை ஒழித்திருந்தது. 1802-ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார், அந்த ஒழிப்பு எட்டாத கரீபியன் தீவு மார்த்தினிக் போன்ற இடங்களில் தொடரவிட்டும், இன்னொரு கரீபியன் தீவான குவாதலூப்பில் படையை அனுப்பியும். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்வார்கள். அது சரியல்ல, ஏனென்றால் அவருடைய சொந்த நாடே எட்டு வருஷம் முன்பு அதை ஒழித்திருந்தது. சட்டப்படி குடிமக்களாக இருந்தவர்களை அவர் மறுபடியும் சொத்தாக்கினார். குவாதலூப்பில் பிரெஞ்சு ராணுவ அதிகாரியாகவே இருந்த லூயி தெல்கிரே எதிர்த்து நின்றார், 1802 மே 28 அன்று மத்தூபா மலைச்சரிவில் சுற்றிவளைக்கப்பட்டபோது அவரும் சுமார் 300 பேரும் சரணடைய மறுத்து, வெடிமருந்துக்குத் தாங்களே தீ வைத்து இறந்தார்கள். இப்போது ஹைட்டி என்கிற செயின்ட் தொமாங் காலனிக்குத் தன் தங்கை கணவர் லெக்லேர் தலைமையில் பெரும் படை அனுப்பினார். அங்கே முன்னாள் அடிமைகளின் தலைவரான தூசான் லூவெர்த்தூரை ஏமாற்றிப் பிடித்து பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள், 1803 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். ஆனால் மஞ்சள் காய்ச்சலும் அந்த மக்களின் போராட்டமும் பிரெஞ்சுப் படையைத் தின்றுவிட்டன, லெக்லேரும் செத்தார், 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி விடுதலை அறிவித்தது. அந்தத் தீவு கைவிட்டுப் போவது தெரிந்ததும், அமெரிக்கக் கண்டத்தில் லூசியானாவை வைத்துக்கொண்டு பயனில்லை என்று 1803-லேயே அதை ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றார். அமெரிக்காவின் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. நெப்போலியனின் மிகப் பெரிய தோல்விகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்தவர்கள் முன்னாள் அடிமைகள் என்பது பள்ளிப் புத்தகங்களில் பெரும்பாலும் வருவதில்லை.

1804 டிசம்பர் 2 அன்று பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தில் முடிசூட்டு விழா. போப்பை ரோமிலிருந்து வரவழைத்து, கிரீடத்தைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். போப்பிடமிருந்து திடீரென்று பறித்ததாகச் சொல்வது கதை, அது முன்கூட்டியே பேசி வைத்தது. லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியர் தாவீதின் பெரிய படத்தில் நடுவே அவருடைய அம்மா கம்பீரமாக உட்கார்ந்திருப்பார், உண்மையில் அந்த அம்மாள் அன்று பாரிசிலேயே இல்லை. மகன்களுக்குள் சண்டை, அவர் லூசியன் பக்கம், ரோமில் இருந்தார். அவரையும் படத்தில் சேர்த்தே வரைந்தார்கள்.

இனி வீழ்ச்சி. 1805 முதல் 1807 வரை ஆஸ்டர்லிட்ஸ், யேனா, ஃப்ரீட்லாந்து என்று ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா மூன்றையும் வீழ்த்தினார். ஆனால் 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரில் கப்பற்படை போனதால் இங்கிலாந்தைத் தொட வழியில்லை. கடலில் முடியாததை வியாபாரத்தில் செய்யலாம் என்று 1806 நவம்பரில் பெர்லினிலிருந்து ஆணை போட்டார்: ஐரோப்பாவில் யாரும் ஆங்கிலச் சரக்கு வாங்கக் கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து முளைத்த வினை. ஒரு துறைமுகம் ஒழுகினாலும் திட்டம் பலிக்காது, அதனால் ஒவ்வொரு துறைமுகத்தையும் பிடித்தாக வேண்டும். போர்ச்சுகல் கேட்கவில்லை, படை போனது. போர்ச்சுகலுக்குப் போகும் வழியில் ஸ்பெயின், அதன் அரச குடும்பத்தை மிரட்டி இறக்கிவிட்டு அண்ணன் ஜோசப்பை அரியணையில் ஏற்றினார். 1808 மே 2 அன்று மாட்ரிட் மக்கள் தெருவில் இறங்கினார்கள், கெரில்லாப் போர் ஆறு வருஷம் அவர் படையை அரித்தது. 1810 இறுதியில் ரஷ்யா நடுநிலைக் கப்பல்களுக்குத் துறைமுகத்தைத் திறந்து அந்தத் தடையை உடைத்தது. 1812 ஜூனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு ரஷ்யாவுக்குள் போனார்.

ரஷ்யக் குளிர் அவரைத் தோற்கடித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869-ல் வரைந்த புகழ்பெற்ற வரைபடத்தைப் பாருங்கள்: ரஷ்ய எல்லையில் நீமன் ஆற்றைத் தாண்டும்போது 4,22,000 பேராகத் தடித்திருக்கும் கோடு மாஸ்கோ போய்ச் சேரும்போதே ஒரு லட்சமாக மெலிந்துவிடுகிறது. அப்போது செப்டம்பர் மாசம், பனி விழத் தொடங்கவில்லை! படையின் சில பிரிவுகளை வழியில் நிறுத்திவிட்டுப் போனதும் அதில் அடக்கம், என்றாலும் பெரும் இழப்புக்குக் காரணம் டைஃபஸ், வயிற்றுக்கடுப்பு, தீனி இல்லாமல் செத்த குதிரைகள், உணவு வண்டி வந்து சேராத சாலைகள். திரும்பி வந்தவர்கள் அந்தப் படத்தில் 10,000. அதற்குப் பிறகும் அவருக்கு வழி இருந்தது. 1813 நவம்பரில் எதிரிகள் ரைன், ஆல்ப்ஸ், பிரனீஸ் எல்லைகளோடு பிரான்சை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சுக்கு வந்தார்கள். அவர் இழுத்தடித்தார். வெற்றியால் வந்த பதவி, வெற்றி நின்றால் பதவி நிற்காது என்று அவருக்கே ஒரு பயம் இருந்தது. தன் தவறைச் சுட்டிக்காட்ட ஒரு பத்திரிகையையோ, பயப்படாமல் மறுத்துப் பேச ஓர் அவையையோ அவர் மிச்சம் வைக்கவில்லை.

1814 ஏப்ரலில் பதவி விலகல், எல்பா தீவுக்கு நாடுகடத்தல், 1815 மார்ச்சில் தப்பி வந்து ஒரு குண்டுகூடச் சுடாமல் பாரிஸ் வரை நடந்து போனது, ஜூன் 18 வாட்டர்லூ, இவையெல்லாம் பலருக்கும் தெரிந்ததே. கடைசியாக அடைபட்ட செயின்ட் ஹெலினா கிழக்கிந்தியக் கம்பெனியின் தீவு. 1821 மே 5 அன்று, அநேகமாக வயிற்றுப் புற்றுநோயால், 51 வயதில் இறந்தார். அதற்குமுன் கூட இருந்தவர்களிடம் நினைவுகளைச் சொல்லி எழுதவைத்தார், அதில் தான் சுதந்திரத்துக்காகவும் தேச விடுதலைகளுக்காகவும் போராடியவர் என்று காட்டிக்கொண்டார். ஐரோப்பா அதைப் பெருமளவு நம்பியது. அவருடைய தம்பி மகன் லூயி நெப்போலியன் அந்தப் பெயரை வைத்தே 1848-ல் குடியரசுத் தலைவராகி, 1851-ல் ஆட்சியைக் கவிழ்த்து, வாக்கெடுப்பு நடத்தி, மூன்றாம் நெப்போலியன் ஆனார். பெரியப்பாவின் வழியேதான் அவருக்கும் வழி.

மிச்சம் என்ன என்றால், முதலில் அந்தச் சட்டம். பெல்ஜியம், நெதர்லாந்து, இத்தாலி, ரைன் பகுதி என்று படை போன இடமெல்லாம் போய், படை திரும்பிய பிறகும் அங்கேயே தங்கியது. புதுச்சேரிக்கும் வந்தது. 1803-ல் நெப்போலியன் அனுப்பிய ஜெனரல் தெகான் புதுச்சேரிக்குக் கப்பலில் வந்தார், ஆங்கிலேயர் ஊரை ஒப்படைக்கவில்லை, மொரீசியசுக்குப் போய்விட்டார். நெப்போலியனின் ஆட்கள் வந்தும் நுழைய முடியாத ஊருக்குள், அவர் விழுந்தபின் 1819-ல், அவருடைய சட்டம் நுழைந்தது. உள்ளூர் மக்கள் தங்கள் சமூக வழக்கப்படியே இருக்கலாம் என்று விட்டார்கள். 1881-ல் ஓர் ஆணை, விரும்புகிறவர்கள் அந்த வழக்கங்களைத் துறந்து முழுக்க பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது. சாதியால் ஒடுக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும் இதைக் கணிசமாகப் பயன்படுத்தினார்கள். ரெனோன்சான் என்று அழைக்கப்படும் அவர்களுடைய வழிவந்தவர்களுக்கு இன்றும் இந்து திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தாது.

அவர் நல்லவரா கெட்டவரா என்ற வாதம் பிரான்சிலேயே ஓயவில்லை. 2021-ல் இருநூறாவது நினைவு நாளில் அதிபர் மக்ரோன், சட்டத் தொகுப்பையும் நிர்வாகத்தையும் பாராட்டிய அதே உரையில், அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தது தவறு, அறிவொளிக் காலத்து உணர்வுக்குச் செய்த துரோகம் என்றார். மார்த்தினிக் மக்கள் அதற்கு வெகு முன்பே தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீவில் பிறந்த, நெப்போலியனின் முதல் மனைவி ஜோசபினுக்கு ஃபோர்ட் தெ பிரான்ஸ் நகரத்தில் வைத்திருந்த சிலையின் தலையை 1991-ல் யாரோ வெட்டி எடுத்தார்கள், அது திரும்ப வைக்கப்படவே இல்லை, 2020 ஜூலையில் போராட்டக்காரர்கள் மிச்சச் சிலையையும் சாய்த்துவிட்டார்கள்.